கோபித்துக்கொண்டு போகும் தாய்மாமன்

என் வலது கைக்கு மூன்றாவது முறையாக மாவுக்கட்டுப் போட்ட எலும்பு டாக்டர், கட்டு காய்வதற்குள் ஒரு கேள்வி கேட்டார். "இந்தத் தடவை எந்தச் சுவரு?"

முதல் முறை என் வீட்டுச் சுவர். இரண்டாவது முறை கடைச் சுவர். இப்போது தங்கச்சி வீட்டு மதில். எவ்வளவு கோபம் வந்தாலும் ஆள்மேல் கை வைக்கமாட்டேன், சுவரைத்தான் குத்துவேன் என்று டாக்டரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை உங்களுக்குக் கட்டுப் போட்டா எனக்குத்தாங்க வெக்கம். மாடியில மனசுக்கு வைத்தியம் பார்க்கற ஒரு மேடம் இருக்காங்க, பார்த்துட்டுப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

ஏரியூரில் எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. சுற்றுப்பட்டு ஊர்களில் கருகிப்போகிற கிணற்று மோட்டாரும் போர் மோட்டாரும் என்னிடம்தான் வரும். செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுகிற வேலைக்குப் பொறுமை வேண்டும். அது என்னிடம் தாராளமாக உண்டு. மனிதர்களிடம் மட்டும் அது வருவதில்லை. எந்த மோட்டாரும் என்னைப் பார்த்து, "அட, நீங்களும் வந்திருக்கீங்களா?" என்று கேட்டதில்லை.

எங்கள் சொந்தபந்தத்தில் எனக்கு ஒரு பதவியே இருந்தது: கோபித்துக்கொண்டு போகிறவர். பத்திரிகையை நேரில் வைக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோபம். நேரில் வந்து, தாம்பாளம் இல்லாமல் கையில் கொடுத்தால் அதற்கும் கோபம். விசேஷத்துக்குப் போய் ஏதாவது முறை தவறினால் பந்தியிலிருந்து பாதியில் எழுந்துவிடுவேன். செருப்பைச் சத்தம் வரும்படி மாட்டுவேன். என் வண்டியில் செல்ஃப் ஸ்டார்ட் இருக்கிறது. ஆனாலும் அந்த மாதிரி நேரங்களில் உதைத்துத்தான் கிளப்புவேன். பட்டனை அமுக்கினால் கோபம் தெரியாது.

எனக்கு உடன்பிறப்பு என்று இருப்பது ஒரே தங்கச்சி. அவளுடைய மூத்த பெண்ணுக்குக் காது குத்தியபோது நான் போகவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையை என் சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் அவன்தான் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறான். அந்தப் பெண்ணுக்கு இப்போது எட்டு வயது. நான் மதிலைக் குத்தியது அவள் கண்ணெதிரே. அன்றிலிருந்து நான் அந்த வீட்டுக்குப் போனால் அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். மாமா என்று கூப்பிடுவதும் நின்றுபோனது.

கட்டுப் போட்ட மறுவாரம் தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். இரண்டாவது பையனுக்கு ஒரு வயது ஆகப்போகிறது, மொட்டை அடித்துக் காது குத்த மூன்று மாதத்தில் நாள் பார்த்திருக்கிறார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து முறையாக அழைத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லாமல் நான் தவித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அண்ணா, இந்தத் தடவையும் பாதியில எந்திரிச்சுப் போனீன்னா இனிமே உன்னைக் கூப்பிட மாட்டேன். கோவத்துல சொல்லல. எனக்கு அலுத்துப் போச்சு."

அவள் அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அலுத்துப்போனது என்று அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தருமபுரிக்குப் போய் அந்த மாடி ஏறினேன்.

மேடம் அரூர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்று ஒரு பேரைச் சொன்னார். டி.பி.டி. என்றால் போதுமாம். கோபமோ துக்கமோ பயமோ அளவுக்கு மீறிப் பொங்கி, அந்த வேகத்தில் ஏதாவது செய்துவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறவர்களுக்கான பயிற்சி என்றார். வாரத்தில் ஒரு நாள் அவரோடு தனியாக, இன்னொரு நாள் ஐந்தாறு பேரோடு குழுவாக.

"கோவமே வராமப் பண்ணிருவீங்களா மேடம்?"

"இல்ல சார். கோவம் வரும். அது வர்றப்ப கையையும் காலையும் எங்க வச்சுக்கறதுன்னுதான் பழகப்போறோம்."

என் கதையெல்லாம் கேட்டுவிட்டு, "உங்களால முடிஞ்ச வரைக்கும் நல்லாத்தான் இருக்கப் பார்க்கறீங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இந்த வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. உடனே, "ஆனா இது பத்தாது, மாறித்தான் ஆகணும்" என்றார். ஏம்மா, ரெண்டில் ஒன்றைச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். ரெண்டும் உண்மைதான் சார், எதிரெதிரான ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிறதால்தான் டயலெக்டிகல் என்று பேரே என்றார்.

குழுவில் முதல் நாள் ஆளுக்கு ஒரு நிலக்கடலையைக் கையில் கொடுத்து, ஐந்து நிமிடம் வேறெதையும் நினைக்காமல் அதை மட்டும் கவனிக்கச் சொன்னார். மனம் அலையும்போதெல்லாம் அதைத் திரும்ப இழுத்துக் கொண்டுவரப் பழகுவதற்காம். மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். பயிற்சிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸம்மாவுக்கு அழுகையே வந்தது. என்ன கவனித்தீர்கள் என்று என்னைக் கேட்டதும், "போன பட்டத்துக் கடலைங்க மேடம். சரியாக் காயவைக்காம மூட்டை கட்டியிருக்காங்க. கடைக்காரன் உங்களை ஏமாத்திட்டான்" என்றேன். சொல்லும்போதே அந்தக் கடைக்காரன்மேல் கோபம் ஏறியது. மேடம் அதையும் கவனிக்கச் சொன்னார்.

தினமும் கோபம் எவ்வளவு வந்தது என்று பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் மார்க் போட்டு எழுதிவர வேண்டும். அதற்கென்று அச்சடித்த அட்டை கொடுத்தார்கள். அட்டையை முதல் வாரமே தொலைத்துவிட்டு, வீட்டுத் தினசரி காலண்டரிலேயே எழுத ஆரம்பித்தேன். அதில் ஒரு சிக்கல். என் ராசிக்கு அன்று 'மகிழ்ச்சி' என்று போட்டிருந்தால், அதன் கீழே நான் போட்ட ஐந்தைப் பார்த்து என் மனைவி, "காலண்டர்காரன் பொய் சொல்லுவானா? நாலாக் கொறைங்க" என்பாள். சில நாள் நான் கடையிலிருந்து வருவதற்குள் அவளே மார்க் போட்டுவைத்திருப்பாள். உண்மையைச் சொன்னால், அவள் போட்டதுதான் சரியாக இருந்தது.

முக்கியமான கூத்து ஐந்தாவது வாரம் நடந்தது. கோபம் வந்த ஒரு நாளை எடுத்து, அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று சங்கிலி மாதிரி கண்ணி கண்ணியாகச் சொல்ல வேண்டும். பெரிய மச்சினியின் கிரகப்பிரவேசத்தைச் சொன்னேன். காபி எனக்குக் கடைசியாக வந்தது. எழுந்தேன். செருப்பு மாட்டினேன். வண்டியை உதைத்தேன். வீட்டுக்கு வந்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லைங்க. சாயங்காலம் பெரியவங்க நாலு பேர் வந்தாங்க சமாதானம் பேச."

"வந்து?"

"தப்புதான், மனசுல வச்சுக்காதீங்கன்னு சொன்னாங்க. கோழி அடிச்சாங்க. சாப்பிட்டோம்."

அடுத்த சண்டையைக் கேட்டார். அதிலும் கோழி. அதற்கு முந்தைய சண்டையில் நாட்டுக்கோழி. மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், விசேஷத்துல கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா உங்களை யாராவது கவனிச்சிருக்காங்களா?" யோசித்துப் பார்த்தேன். இல்லை. கடைசிவரை உட்கார்ந்திருப்பவனிடம் பாத்திரம் தூக்கத்தான் சொல்வார்கள். கோபித்துக்கொண்டு போனால்தான் நாலு பேர் தேடி வருகிறார்கள், கையைப் பிடிக்கிறார்கள், என் தட்டில் ஈரல் விழுகிறது. நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதன் தன்னைப் பற்றி இப்படி ஒரு விஷயம் தெரிந்துகொள்வது அவமானம். பஸ்ஸில் ஏரியூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் என் மனைவியையும் வரச்சொன்னார். இவர் எழுந்து போனால் பின்னாலேயே போகாதீர்கள், தானாகத் திரும்பி வந்தால் அப்போது நன்றாகக் கவனியுங்கள் என்றார். நானும் சரியென்று தலையாட்டினேன். இருபது வருடமாக இதற்காகத்தான் காத்திருந்ததுபோல என் மனைவி அன்று இரவே சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டாள்: "எல்லாருக்கும் ஒரு தகவலுங்க. இனிமே எங்க வூட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டுப் போனா யாரும் கூப்பிடப் போகாதீங்க. டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கோழியும் வேண்டாம்." பதிலுக்கு நாற்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். சிலர் பூங்கொத்தும் போட்டிருந்தார்கள்.

காது குத்து பென்னாகரம் பக்கம், கரடு என்று நாங்கள் சொல்லும் பாறைக்குன்றின் அடியில் இருக்கும் முனியப்பன் கோயிலில். காலை பத்தரைக்குள் குத்தியாக வேண்டும். நானும் என் மனைவியும் சொந்தக்காரர்கள் சிலரும் பதினோரு சீர்த்தட்டோடும் பம்பைக்காரரோடும் பத்து மணிக்கு முன்பே போய் எல்லைக் கல்லருகே நின்றோம். தாய்மாமன் சீரோடு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் எதிரே வந்து ஆரத்தி சுற்றி அழைத்துப்போக வேண்டும். ஒருவரும் வரவில்லை. எல்லாரும் தலைக்குமேல் பறந்த கேமராவை அண்ணாந்து பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் தட்டைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் மார்க் போட்டேன்: மூன்று. மூச்சை மெதுவாக விட்டேன். இரண்டரை ஆனது. அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன்.

மேலே என் சித்தப்பா மகன், கூலிங் கிளாஸோடு, ஆள் உயரத்துக்கு. கீழே ஓரத்தில், 'தாய்மாமன்' என்ற எழுத்துக்கு அடியில் நான். கையில் மாவுக்கட்டோடு.

அந்தப் படத்தை யார் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஐந்தைத் தாண்டி மார்க் இருந்தால் அதைப் போட்டிருப்பேன். தட்டைப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்தேன். செருப்பு காலில்தான் இருந்தது. இருந்தாலும் ஒருமுறை கழற்றிச் சத்தமாக மாட்டிக்கொண்டு, சமையல் பந்தலுக்குப் பின்னால் வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தேன். பாதி வழியில் என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. என் மனைவி அங்கே நின்று, கிளம்பப் பார்த்த இரண்டு பேரைக் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள்.

வண்டியில் சாவியைப் போட்டேன். எதிரே கோயில் மதில் இருந்தது, புதுசாகச் சுண்ணாம்பு அடித்து, வா என்று கூப்பிட்டுக்கொண்டு. கையை ஓங்கினால் நான்காவது கட்டு. கிளம்பினால் தங்கச்சி இல்லை. அந்த இரண்டும்தான் எனக்கு அப்போது தெரிந்தது. மூளை சூடேறி நிற்கும்போது யோசித்துப் பயனில்லை, முதலில் உடம்பைக் குளிரவையுங்கள், ஐஸ் தண்ணீரில் மூச்சைப் பிடித்து முகத்தை அமுக்குங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். எனக்கு இதயக் கோளாறு எதுவும் இல்லை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் சொன்னார். பந்தலோரம் பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஐஸ் பாளத்தைப் போட்டுக் கலர் பாட்டில்களை மிதக்கவிட்டிருந்தார்கள். பாட்டில்களை ஒதுக்கிவிட்டு, மண்டியிட்டு முகத்தை உள்ளே விட்டேன்.

முப்பது எண்ணி வெளியே எடுத்தேன். மீண்டும் ஒருமுறை. அப்புறம் மண்டியிட்டபடியே மூச்சை நீளமாக வெளியே விட்டேன். உஸ்ஸ்ஸ் என்று சத்தம் வரும்படி விடச்சொல்லித்தான் பழக்கியிருந்தார்கள். தலைமுடி முகத்தில் ஒட்டி, கண் இரண்டும் சிவந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நான் முனியப்பன் கோயில் வாசலில் உஸ்ஸ் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்ததை வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"ஐயோ, முனியப்பன் வந்துட்டான்!"

பம்பைக்காரர் கெட்டிக்காரர். அடி உடனே சாமியாட்ட அடியாக மாறியது. எதிரே வந்து அழைக்காத கூட்டமெல்லாம் இப்போது ஓடி வந்து கைகூப்பி நின்றது. தங்கச்சியின் மாமியார் கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தார். "அத்தை, சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, அது ஆஸ்பத்திரியில சொல்லிக்குடுத்த வைத்தியம். யாரும் கிட்டப் போகாதீங்க!" என்று என் மனைவி கத்தினாள்.

"மனுசன் கோவிச்சுக்கிட்டாத்தானே போகக்கூடாதுன்னு சொன்ன? சாமி கோவிச்சுக்கிட்டாப் போகாம இருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா என் நெற்றியில் விபூதியை அப்பினார்.

இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். கூட்டத்திலிருந்து ஒருவர் குனிந்து, "சாமி, போர்ல தண்ணி ஏற மாட்டேங்குது. என்ன கொறை?" என்றார். ஆளை எனக்குத் தெரியும். போன மாதம் அவர் மோட்டாரைச் சுற்றிக் கொடுத்தவனே நான்தான். வாயைக் கட்டுப்படுத்த முடியவில்லை. "ரெண்டு லென்த் பைப்பு சேர்த்து மோட்டாரைக் கீழ எறக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போது மாமியார் கேட்டார்: "எங்க மேல என்ன கோவம் சாமி? சொல்லு, செஞ்சுடறோம்."

பம்பை நின்றுவிட்டது. என் முன்னால் எவ்வளவு பெரிய வாசல் திறந்திருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஃப்ளெக்ஸைக் கழட்டு என்று முனியப்பன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐந்து நிமிடத்தில் அது அடுப்பு மூட்டப் போயிருக்கும். சித்தப்பா மகனை என் காலில் விழச் சொல்லியிருக்கலாம். கோழி என்ன, கிடாயே வெட்டியிருப்பார்கள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூட்டத்தின் பின்னால் தங்கச்சி வந்து நின்றாள். அவள் கும்பிடவில்லை. இவன் இந்தத் தடவை எப்படிப் போகப்போகிறான் என்று பார்ப்பவள்போல நின்றாள்.

"முனியப்பன் இல்லீங்க, நான்தான்" என்றேன். "போட்டோவைப் பார்த்துக் கோவம் வந்துச்சு. போயிரலாம்னு வந்தேன். போகக்கூடாதுன்னு மூஞ்சி கழுவினேன். அவ்வளவுதாங்க."

"சே, சும்மா கோவந்தானா" என்று மாமியார் கற்பூரத்தை அணைத்தார். பம்பைக்காரர் டப்பிலிருந்து ஒரு கலரை எடுத்து உடைத்துக் குடித்தார். கூட்டம் கலைந்தது. போர்க்காரர் மட்டும் என்னிடம் குனிந்து, ரெண்டு லென்த்தா மூணு லென்த்தா என்று உறுதிப்படுத்திக்கொண்டு போனார்.

வண்டி நின்ற இடத்திலிருந்து கோயில் மண்டபம் நூறடிகூட இருக்காது. கோபம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நடப்பது என்று டி.பி.டி.யில் ஒரு பயிற்சி உண்டு. தாளில் படிக்கும்போது சுலபமாக இருந்தது. யாரும் கூப்பிடாமல், யாரும் கையைப் பிடிக்காமல், போனவன் தானாகத் திரும்பி வருவதைப்போல மானக்கேடு எங்கள் பக்கத்தில் வேறில்லை. கால் ஒவ்வொன்றும் மோட்டார் கனம் கனத்தது. சட்டை நனைந்திருந்தது, நெற்றியில் விபூதி குழைந்து மூக்கில் வழிந்தது. நடந்தேன்.

மண்டபத்தில் சித்தப்பா மகன் மொட்டைத் தலைக் குழந்தையை மடியில் வைத்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி பத்து இருபது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதற்கும் மேடம் பழக்கியிருந்தார்: வேண்டியதைக் கத்தாமல், குத்தாமல், நேராகக் கேட்பது. என் கடையில் நின்று ஒரு பழைய மோட்டாரிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"தம்பி, நான் எந்திரிச்சுப் போனது தப்பு. இது நான் உக்கார வேண்டிய எடம். நான் உக்காரணும்னு ஆசைப்படறேன். எந்திரிக்கறியா?"

"வாண்ணா, வா வா!" என்று அவன் இவ்வளவு சந்தோஷமாக எழுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குழந்தை அவன் பட்டுவேட்டியை முழுக்க நனைத்திருந்தது. தங்கச்சி குழந்தையை வாங்கி என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் முந்தானையால் என் மூக்கிலிருந்த விபூதியைத் துடைத்தாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. குழந்தையின் தலையை என் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கியதும் அது கரடே அதிர வீறிட்டது. பார்த்திருந்தவர்களில் இரண்டு பேர், நானும் சேர்ந்து அழுததாகப் பின்னால் சொன்னார்கள். அழுதேன்தான்.

பந்தி முடிகிறவரை நான் அந்த மண்டபத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. ஃப்ளெக்ஸ் கண்ணில் படும்போதெல்லாம் சுருக்கென்றது. குழந்தை என் மடியிலேயே தூங்கியதும் தங்கச்சி வந்து எடுத்துக்கொண்டு போனாள். அப்போது மூத்தவள் தூணுக்குப் பக்கத்திலிருந்து வந்தாள். கைக்கெட்டாத தூரத்தில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

"மாமா, எனக்குக் குத்துனப்போ நீங்க ஏன் வரல?"

ஏழு வருடத்தில் இதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. "கோவிச்சுக்கிட்டு வூட்ல உக்காந்திருந்தேன் கண்ணு" என்றேன்.

"எதுக்குக் கோவம்?"

யோசித்தேன். பத்திரிகையா, பந்தியா, யாரோ சொன்ன வார்த்தையா. அன்றைக்குக் கட்டியிருந்த வேட்டிகூட நினைவிருந்தது. எதற்குக் கோபித்துக்கொண்டேன் என்பது மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. "தெரியல கண்ணு. மறந்துபோச்சு" என்றேன்.

அவள் அதை நம்பலாமா வேண்டாமா என்று கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு வந்து, தம்பி தூங்கிய மடியில் உட்கார்ந்தாள். எட்டு வயதுப் பெண், நல்ல கனம். இரண்டு காலும் மரத்துப்போயின. அவளாக எழுந்து போகிறவரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.